சிவப்பிக்குத் தெரிந்த சீலை

கச்சிமுகம்மது: …சுத்தி வளைக்காத முத்தலிப். நான் கேக்கிறது ஒண்டுதான். ஆரு அந்தப் பொம்புள?

முத்தலிப்: எந்தப் பொம்புள மச்சான்?

கச்சிமுகம்மது: பச்சச் சீல.

முத்தலிப்: …

கச்சிமுகம்மது: பாத்தியா, வாயடச்சிப் போச்சி.

முத்தலிப்: வாயடைக்கல்ல. கொஞ்சம் அங்கால தள்ளி நில்லுங்க, ஓவசியர் வாறாரு.

கச்சிமுகம்மது: ஓவசியரா? இஞ்ச என்னத்துக்கு அந்தாள்… ஆ! அல்லாஹ்! கால! என்ட கால!

முத்தலிப்: சாவலுக்குத்தான் ஓவசியர் எண்டு பேரு. செருப்பக் கழட்டி வைங்க, ஒண்டும் செய்யமாட்டாரு.

கச்சிமுகம்மது: நான் என்ன புது ஆளா? உன்ட பொஞ்சாதிக்குக் கூடப் பொறந்த காக்கா. இந்த ஊர்ப் பள்ளிய நிர்வகிக்கிற மரைக்கார்.

முத்தலிப்: அது ஊருக்கு. அவருக்குச் செருப்புப் போட்டு வாறவனெல்லாம் கள்ளன்.

கச்சிமுகம்மது: கதைய மாத்தாத. மணிக்கூட்டுக் கட ஹஸன் கண்டிரிக்கான். விடியச் சுபஹு தொழப் பள்ளிக்குப் போகக்குள்ள, இந்தக் கொட்டிலுக்குள்ள, அரிக்கன் லாம்பு வெளிச்சத்தில, பச்சச் சீல கட்டி முக்காடும் போட்டு ஒரு பொம்புள குந்திட்டு இருந்தாளாம்.

முத்தலிப்: ஹஸனுக்குக் கண் தெளிவில்ல. போன கிழம என்ட கிடாய்க்கு ஸலாம் சொல்லிட்டுப் போனவன்.

கச்சிமுகம்மது: ஒருநாள் எண்டா நானும் அப்பிடித்தான் நினைப்பன். அடுத்த நாளும் நிண்டு பாத்திரிக்கான். அதே சீல. அதே முக்காடு.

முத்தலிப்: வேலிக்குள்ளால எட்டிப் பாக்கவா பள்ளிக்குப் போறான்?

கச்சிமுகம்மது: அத வெள்ளிக்கிழம அவனுக்கிட்ட கேப்பம். அதுக்கு முந்தி உன்னக் கேப்பம். ஜும்ஆ முடிஞ்ச கையோட உன்னக் கூப்பிடச் சொல்லியிரிக்காங்க. மரைக்கார்மார் எல்லாரும் இரிப்பம். நடுவில ஆரு இரிக்கிற? நான். என்ட தங்கச்சிட மாப்புளய நானே நிப்பாட்டி வெச்சி விசாரிக்கணும். எனக்கு எப்பிடி இரிக்கும் சொல்லு?

முத்தலிப்: ஹாஜறாக்குத் தெரியுமா?

கச்சிமுகம்மது: அவட ஊட்டில இரிந்துதானே வாறன். உன்ட பெட்டிய வாசல்ல தூக்கி வெச்சிட்டா.

முத்தலிப்: எந்தப் பெட்டி?

கச்சிமுகம்மது: கலியாணத்தண்டைக்கு நீ கொண்டு வந்த தகரப் பெட்டி. ஊடு அவட. பெட்டியோட வந்தவர் பெட்டியோட போகட்டும் எண்டு சொல்றா.

முத்தலிப்: அழுதாவா?

கச்சிமுகம்மது: அழுதா எனக்கு இவ்வளவு பயமில்ல. அரிசி புடைச்சிட்டே சொல்றா.

முத்தலிப்: அல்லாஹ்…

கச்சிமுகம்மது: இப்ப அல்லாஹ்வக் கூப்பிட்டு என்ன? நான் கொஞ்சம் குந்தணும். கால் நோகுது.

முத்தலிப்: அந்தப் பாயில குந்தாதீங்க! அது கருங்கோழிட இடம். முட்டையிட வாற நேரம்.

கச்சிமுகம்மது: மனிசன் குந்த ஒரு இடமில்லையா உன்ட வளவுக்குள்ள?

முத்தலிப்: இந்தக் கட்டையில குந்துங்க. தொப்பியக் கழட்டி மடியில வெச்சிக்கங்க. வட்டவிதானைக்குத் தொப்பி எண்டா ஆச.

கச்சிமுகம்மது: வட்டவிதானை ஆரு இப்ப?

முத்தலிப்: அந்தா நிக்கிறாரு, வைக்கல் கும்பிக்குப் பக்கத்தில. தாடி வெச்ச கிடாய். வயல் பாக்கிற வட்டவிதானையப் போல, விடிஞ்சா வளவெல்லாம் சுத்தி, எந்த வேலி சரிஞ்சி, எங்க தண்ணி போகுது எண்டு பாத்திட்டுத்தான் குழை தின்னுவாரு.

கச்சிமுகம்மது: மனிசர விட இந்தச் சீவனுகள்தான் உனக்குப் பெருசு.

முத்தலிப்: சிவப்பிட கண்டுக்குட்டியப் பாத்தீங்களா? தாயப் போலதான். இடது கண்ணுக்குக் கீழ வெள்ளக் கோடு. அழுது காஞ்சாப் போல.

கச்சிமுகம்மது: ம்… நல்ல சாதி. நான் அண்டைக்கே சொன்னன். அக்கரைப்பற்றுப் பக்கம் பட்டி பட்டியா ஏறி இறங்கி, தங்கச்சிக்கெண்டு பாத்துப் பாத்து வாங்கின மாடு. சூறாவளியில உங்கட மாடெல்லாம் செத்து, ஹாஜறா வெறுங் கயித்தப் புடிச்சிட்டு நிண்டாளே… என்னால பொறுக்க ஏலாமப் போச்சி.

முத்தலிப்: ஓம்… சொன்னீங்க.

கச்சிமுகம்மது: ஏன் இழுக்கிறாய்?

முத்தலிப்: இழுக்கல்ல.

கச்சிமுகம்மது: அந்த நன்றியாவது இரிக்கா உனக்கு? நான் தந்த மாடு நிக்கிற கொட்டிலுக்குள்ளயே போய்… ச்சீ. வாயால சொல்லவே வெக்கமா இரிக்கி.

முத்தலிப்: எனக்கும்தான்.

கச்சிமுகம்மது: அப்ப ஒத்துக்கிறாய்!

முத்தலிப்: வெக்கத்த ஒத்துக்கிறன். பொம்புளய ஒத்துக்கல்ல.

கச்சிமுகம்மது: ஹஸன் கண்டது பொய்யா?

முத்தலிப்: பொய்யுமில்ல.

கச்சிமுகம்மது: என்னடா கத இது?

முத்தலிப்: மச்சான்… ஒண்டு கேக்கிறன். இத இந்த அளவில உட்டிருங்க. வெள்ளிக்கிழம நான் வாறன். பிழை என்டதான் எண்டு எல்லாருக்கும் முன்னால சொல்றன். என்ன தண்டம் எண்டாலும் போடுங்க.

கச்சிமுகம்மது: பொம்புளையே இல்ல எண்டுறாய். பிழைய ஏத்துக்கிறன் எண்டுறாய். ஹாஜறா உன்ன ஊட்டுக்குள்ள எடுக்கமாட்டா, தெரியுமா?

முத்தலிப்: தெரியும்.

கச்சிமுகம்மது: புள்ளகள்?

முத்தலிப்: …கேக்காதீங்க மச்சான். நான் வாயத் திறந்தா கொறைஞ்சி போறது நான் மட்டுமில்ல.

கச்சிமுகம்மது: வேற ஆரு கொறைஞ்சி போறது? சொல்லு. பயப்புடுத்திறியா என்ன? …டேய், அங்க பாரு. உன்ட வட்டவிதானைட வாயில என்ன அது?

முத்தலிப்: வைக்கல்.

கச்சிமுகம்மது: பச்ச வைக்கலா?

முத்தலிப்: ஐயோ! உடு! உடுடா சனியன்! …மச்சான், நீங்க இழுக்காதீங்க! கிழிஞ்சிரும்! மெல்ல… மெல்ல…

கச்சிமுகம்மது: சீல! பச்சச் சீல! சிவப்புக் கரை! வைக்கலுக்குள்ள ஒளிச்சி வெச்சிரிக்கிறாய்! எங்கடா அவ?

முத்தலிப்: கத்தாதீங்க.

கச்சிமுகம்மது: சீலய உட்டிட்டு எப்பிடிப் போனா?

முத்தலிப்: போகல்ல.

கச்சிமுகம்மது: அப்ப இஞ்சதான் இரிக்காளா?

முத்தலிப்: …ஓம்.

கச்சிமுகம்மது: எங்க?

முத்தலிப்: உங்களுக்கு முன்னால.

கச்சிமுகம்மது: என்ன?

முத்தலிப்: நான்தான் மச்சான்.

கச்சிமுகம்மது: என்ன நீதான்?

முத்தலிப்: பச்சச் சீல.

கச்சிமுகம்மது: நீ… சீல… கட்டி?

முத்தலிப்: முக்காடும் போட்டு.

கச்சிமுகம்மது: உனக்கு விசரா?

முத்தலிப்: விசர் எனக்கில்ல, சிவப்பிக்கு. கண்டு போட்ட நாளிலிரிந்து ஒருத்தரையும் கிட்ட எடுக்கல்ல. கண்டுக்குட்டிக்கு உடும், நம்மட கை பட்டா மடிய இழுத்துக்கும். ஹாஜறா போனா வாளிய உதைக்கும். நான் போனா என்ன உதைக்கும். இந்தா, முழங்காலப் பாருங்க. கோவம் வந்தா முகத்தத் திருப்பிட்டுச் சுவரப் பாத்துட்டு நிக்கும், உங்கட தங்கச்சியப் போல.

கச்சிமுகம்மது: அதுக்குச் சீல கட்டுறதா?

முத்தலிப்: மடி வீங்கிக் கல்லுப் போல ஆயித்து மச்சான். தொட்டா நெருப்பு. அது கத்தின கத்து… கேட்டுட்டு இரிக்க ஏலா. கடைசியில ஒரு மனிசி சொன்னா, சீல கட்டிட்டுக் கிட்டப் போய்ப் பாருங்க எண்டு.

கச்சிமுகம்மது: போனியா?

முத்தலிப்: போனன். உட்டிச்சி.

கச்சிமுகம்மது: ஹஹ்… ஹஹ்ஹா… அப்ப ஹஸன் வேலிக்குள்ளால நிண்டு பாத்தது…

முத்தலிப்: சிரிக்காதீங்க.

கச்சிமுகம்மது: வடிவான பொம்புள எண்டானே!

முத்தலிப்: சொன்னானா?

கச்சிமுகம்மது: இடுப்புத்தான் கொஞ்சம் பெருசு எண்டான்! ஹஹ்ஹா… அல்லாஹ்… வயிறு நோகுது… தாடி தெரியல்லையா அவனுக்கு?

முத்தலிப்: முக்காட்ட நல்லா இழுத்துப் போட்டிருந்தன்.

கச்சிமுகம்மது: மடையன்! இத முந்தியே சொல்லியிருந்தா முடிஞ்சிரிக்குமே!

முத்தலிப்: எப்பிடிச் சொல்ற? முத்தலிப் சீல கட்டித்தான் பால் கறக்கான் எண்டு சந்தையெல்லாம் சிரிக்கும். நான் கொண்டு போற பால ஆரும் வாங்குவாங்களா?

கச்சிமுகம்மது: வைப்பாட்டி வெச்சிரிக்கான் எண்டு சொல்றது நல்லமா?

முத்தலிப்: அதுக்கு ஆம்புள எண்டாவது சொல்லுவாங்க.

கச்சிமுகம்மது: சரி சரி, எழும்பு. இப்பயே வா, ஹாஜறாக்குச் சொல்லுவம். சிரிச்சே விழுந்திருவா. பெட்டிய அவளே உள்ளுக்குத் தூக்கி வெப்பா. வெள்ளிக்கிழம நான் மத்த மரைக்கார்மாரப் பாத்துக்கிறன்.

முத்தலிப்: வேணாம்.

கச்சிமுகம்மது: என்ன வேணாம்?

முத்தலிப்: ஹாஜறாக்குச் சொல்ல வேணாம். சிரிச்சி முடிஞ்ச உடனே கேப்பா, இது ஆருட சீல எண்டு.

கச்சிமுகம்மது: அவடதானே?

முத்தலிப்: இல்ல. அவட சீலயையும் ஒருநாள் கட்டிப் பாத்தன். இந்தப் பச்சச் சீல மழையில நனைஞ்சி போச்சி எண்டு. கிட்டப் போனவன் சாணிக்குழியில போய் விழுந்தன்.

கச்சிமுகம்மது: சிவப்பிக்குப் பச்ச நிறந்தான் வேணுமாக்கும்.

முத்தலிப்: மாடு நிறத்தையா பாக்கும் மச்சான்? மணத்தப் பாக்கும். இந்தச் சீலய நான் கழுவாமத்தான் வெச்சிரிக்கன்.

கச்சிமுகம்மது: சரி, ஆருட சீல?

முத்தலிப்: காரைதீவில ஒரு மனிசிட. பன்பாய் இழைக்கிறவ. நேசம்மா எண்டு பேரு.

கச்சிமுகம்மது: …

முத்தலிப்: இப்ப ஆருக்கு மச்சான் வாயடச்சிரிக்கி?

கச்சிமுகம்மது: அவவ… உனக்கு எப்பிடித் தெரியும்?

முத்தலிப்: தெரியா. பாய் வாங்கத்தான் போன. சூறாவளியில ஊடு போயித்தாம். மகள்ட ஊட்டுத் தாவாரத்தில இரிந்து பாய் இழைக்கா. ஒரு பாய் முடியுமட்டும் நிக்கச் சொன்னா. நான் சும்மா கதைச்சிட்டு இருந்தன். என்ட மாடு இப்பிடி, பால் உடுதில்ல எண்டன். என்ன நிறம் எண்டு கேட்டா. சிவப்பு எண்டன். கோவம் வந்தா என்ன செய்யும் எண்டா. முகத்தத் திருப்பிட்டுச் சுவரப் பாக்கும் எண்டன். இழைச்சிட்டிருந்த கை நிண்டு போச்சி.

கச்சிமுகம்மது: பொறகு?

முத்தலிப்: எங்க வாங்கின மாடு தம்பி எண்டு கேட்டா.

கச்சிமுகம்மது: நீ என்ன சொன்ன?

முத்தலிப்: கல்முனைக்குடி மரைக்கார் கச்சிமுகம்மது என்ட மச்சான்தான், அவர் வாங்கித் தந்த எண்டன். பெருமையாத்தான் சொன்னன்.

கச்சிமுகம்மது: என்ட பேரச் சொன்னியா…

முத்தலிப்: ஓம்.

கச்சிமுகம்மது: அவ என்ன சொன்னா?

முத்தலிப்: ஒண்டும் சொல்லல்ல. எழும்பி உள்ளுக்குப் போனா. கன நேரமா வரல்ல. நான் பாயத் தோள்ல வெச்சிட்டு நிக்கன். மறுகா இந்தச் சீலயோட வந்தா. இதக் கட்டிட்டுக் கிட்டப் போங்க தம்பி, கழுவிப் போடாதீங்க எண்டா. சுணக்காதீங்க, அதுக்கு மடி நோகும் எண்டா.

கச்சிமுகம்மது: வேற?

முத்தலிப்: வேற ஒண்டும் கேக்கல்ல. உங்களப் பத்தியும் ஒரு சொல்லுச் சொல்லல்ல.

கச்சிமுகம்மது: அதால என்ன? மாடு வளத்தவ. மாட்டுக் குணம் தெரிஞ்சி சொல்லியிரிப்பா.

முத்தலிப்: நானும் அப்பிடித்தான் நினைச்சன். அடுத்த நாள் விடியக்குள்ள கட்டிட்டுப் போனன். சிவப்பி மோந்து பாத்திச்சி. பாத்திட்டு, என்ட தோள்ல முகத்த வெச்சிச்சி மச்சான். ஒரு சத்தம் போட்டிச்சி, கண்டுக்குட்டியத் தேடினாப் போல. நான் கை வைக்க முந்தியே பால் சொட்டிச்சி. வாளி நிறைஞ்சி வழியிது, நான் குந்திட்டு அழுறன்.

கச்சிமுகம்மது: நீ ஏன் அழுற?

முத்தலிப்: வெளங்கிட்டு. அது அவட மாடு. அக்கரைப்பற்று மாட்டுக்குக் காரைதீவுச் சீலட மணம் எப்பிடித் தெரியும், மச்சான்?

கச்சிமுகம்மது: வாங்கல்ல.

முத்தலிப்: ஆ?

கச்சிமுகம்மது: அக்கரைப்பற்றில வாங்கல்ல. சூறாவளி அடிச்ச கையோட பள்ளியால சோறாக்கி வண்டியில காரைதீவுக்குக் கொண்டு போனம்தானே. திரும்பி வரக்குள்ள… ரோட்டில நிண்டிச்சி. குறி சுடாத மாடு. ஆருட எண்டு ஒரு அடையாளமுமில்ல. ஊரெல்லாம் மாடு செத்துக் கிடக்கு, இது மட்டும் தனிய நிக்கி. வழி தவறின மாடு எண்டு வண்டிக்குப் பின்னால கட்டிட்டு வந்தன்.

முத்தலிப்: அவ்வளவுதானா?

கச்சிமுகம்மது: அவ்வளவுதான்.

முத்தலிப்: அல்ஹம்துலில்லாஹ்! நான் என்னமோ ஏதோ எண்டு செத்துப் போனன் மச்சான். உங்களுக்குப் பக்கத்தில நிண்டு தொழக்குள்ளயும் இதுதான் நெஞ்சில. உங்கட முகத்தப் பாக்க எனக்கு வெக்கமாக் கிடந்த.

கச்சிமுகம்மது: அதாலதான் ஹஸன்ட பழிய நீ ஏத்துக்கப் பாத்தியா?

முத்தலிப்: வேற என்ன செய்ற? சீலயச் சொன்னா நேசம்மாவச் சொல்லணும். நேசம்மாவச் சொன்னா உங்களச் சொல்லணும். ஹாஜறாக்கு நீங்க எண்டா உசிரு. சிவப்பியக் கழுவக்குள்ளயும் எங்கட காக்கா தந்த, எங்கட காக்கா தந்த எண்டுதான் கழுவுறா.

கச்சிமுகம்மது: அப்பிடிச் சொல்லாத.

முத்தலிப்: உள்ளதத்தான் சொல்றன்.

கச்சிமுகம்மது: சொல்லாத எண்டுறன்!

முத்தலிப்: சரி… சொல்லல்ல. இப்ப என்ன நடந்து போச்சி? வழி தவறின மாடு. கண்டுக்குட்டியோட கொண்டு போய் உடுவம். தெரியாமப் போச்சி, மனசில வெச்சிக்காதீங்க எண்டு சொல்லுவம். நீங்க வரவும் வேணாம், நான் போறன். மம்மல் இருட்டுக்கு வெளிக்கிட்டா ஒருத்தரும் காணமாட்டாங்க.

கச்சிமுகம்மது: ஏன் மம்மலுக்கு?

முத்தலிப்: சிவப்பி சும்மா வருமா? தண்ணி தேங்கின இடத்தக் கண்டா படுத்திரும். இந்தச் சீல முன்னுக்குப் போனாத்தான் பின்னுக்கு வரும். பட்டப்பகல்ல நான் இதக் கட்டிட்டுச் சாய்ந்தமருதுக் கடைத்தெருவால போக ஏலுமா?

கச்சிமுகம்மது: …சீலயத் தா.

முத்தலிப்: என்னத்துக்கு?

கச்சிமுகம்மது: தா எண்டுறன். நான் கட்டுறன். நான் கொண்டு போறன்.

முத்தலிப்: மம்மலுக்கா?

கச்சிமுகம்மது: இப்ப.

முத்தலிப்: இப்பயா? அஸருக்குப் பாங்கு சொல்லப் போறாங்க. ஆக்களெல்லாம் பள்ளிக்கு வாற நேரம்!

கச்சிமுகம்மது: வரட்டும். ஹஸனும் வரட்டும். இத எப்பிடிக் கட்டுற? இந்தக் கரை மேலயா கீழயா?

முத்தலிப்: மச்சான், குடுங்க இஞ்ச. வெள்ளிக்கிழம நடுவில குந்துற மனிசன் நீங்க. பள்ளி மரைக்கார் சீல கட்டி மாட்டோட போறாரு எண்டு சின்னப் புள்ளகளும் பின்னால ஓடி வரும்.

கச்சிமுகம்மது: வெள்ளிக்கிழம நான் நடுவில குந்த மாட்டன். முந்தானய இங்கால போட்டு உடு.

முத்தலிப்: ஹாஜறா வாசல்ல நிப்பா. அவட கண்ணுக்கு முன்னால…

கச்சிமுகம்மது: அவ பாக்கணும். உன்ட பெட்டியயும் உள்ளுக்கு எடுக்கச் சொல்லுவன். கயித்த அவிழ்.

முத்தலிப்: ரோட்டில நிண்ட மாட்டத்தானே கொண்டு வந்தீங்க? அதுக்கு ஆரும் இவ்வளவு வெக்கப்படுவாங்களா? ஏன் மச்சான் இப்பிடி?

கச்சிமுகம்மது: அது ரோட்டில நிக்கல்ல முத்தலிப்… கயித்த என்ட கையில தந்ததே அவதான். எனக்கு ஊடு வாசலில்ல மரைக்கார், உங்கட ஆக்கள் சொல்ற அமானிதமா, பத்திரமா வெச்சிரிங்க, கூரை போட்டதும் வந்து கூட்டிட்டுப் போறன் எண்டா. அதுக்கிடையில ஒருநாள், சும்மா ஒருக்காப் பாத்திட்டுப் போவம் எண்டு வந்தா. பள்ளி வாசல்ல நிண்டுதான் கேட்டா. செத்திட்டு எண்டன்… அவ அழுதா. நானும் கூட நிண்டு அழுதன்.